பொய்த்த சூல்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்கே மலை, மலையடியில் தென்னையும் மாவும், மழை கைகொடுத்தால் நெல். ஊரின் பெயர் பழைய நிலவுரிமைச் சொல். பிராமணர்களுக்கு விட்டது பிரமதேயம், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம், கோயிலுக்கு விட்டது தேவதானம் என்று சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பிரித்துச் சொல்லும். அந்த வகைப்பெயரே இங்கே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. கோயிலில் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். போரில் வெல்ல முடியாத சோழன் பாண்டியனுக்கு நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்ப, அதை அவன் உடுத்தவிடாமல் சிவன் காத்தார் என்பது தலபுராணம். அம்மன் பெயர் தவம் பெற்ற நாயகி.

பிள்ளை வரம் கேட்டு இந்தச் சந்நிதிக்கு வருகிறவர்கள் உண்டு. தென்மாவட்டங்களில் அருமையாகப் பிறந்த குழந்தையை "தவமிருந்து பெத்த பிள்ளை" என்றுதான் சொல்வோம். அப்படித் தவம் பலித்த வீடுகளைப் பற்றி ஊரே பேசும். தவமிருந்து, நாள் தள்ளி, வயிறு வளர்ந்து, மாதம் நிறைந்து, கடைசியில் பிள்ளையே இல்லை என்று தெரிந்துகொண்ட பெண்களைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. அவர்களுக்கு நம் மருத்துவத் தமிழ் வைத்திருக்கும் பெயர் பொய்க்கர்ப்பம். அந்தப் பெயரை நான் விசாரிக்க விரும்புகிறேன். அது எதைச் சொல்கிறது, யாரைக் குற்றம் சாட்டுகிறது, அதைவிட நல்ல பெயர் தமிழிலேயே இருக்கிறதா என்பது என் கேள்வி.

மெய்யான கர்ப்பத்துக்கு வீட்டில் என்ன பெயர் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கர்ப்பம் என்ற சொல் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். வீட்டுப் பேச்சில் அபூர்வம். கல்யாணமாகி நாலைந்து மாதம் ஆன பெண்ணிடம், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "என்ன, விசேஷம் எதுவும் உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்றால் செய்தி தெருவில் இப்படிப் போகும்: "முழுகாம இருக்கா", "மாசமா இருக்கா", "வாயும் வயிறுமா இருக்கா", "உண்டாயிருக்கா".

தீட்டு நின்றதும் தலைமுழுகுவது வழக்கம். தீட்டே வராதவள் முழுக வேண்டியதில்லை, அதனால் முழுகாமல் இருக்கிறாள். இன்றைக்கும் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணி அட்டை எழுதும் நர்ஸம்மா, "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு எந்தப் பெண்ணும் நேற்று வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததைப் பதிலாகச் சொல்வதில்லை. அமாவாசைக்கு முன்னாலா பின்னாலா என்று கணக்குப் போட்டுச் சரியான தேதியைச் சொல்கிறாள். மாசம் என்பது அந்தக் கணக்கு. வாய் என்பது வாந்தியும், வாய்க்கு வேண்டியிருக்கும் புளிப்பும். வயிறு எல்லார் கண்ணுக்கும் தெரிவது.

எல்லாமே அடையாளங்களின் பெயர்கள். உள்ளே இருக்கும் சிசுவைச் சொல்வது உண்டாதல் ஒன்றுதான், அதுவும் பூடகமாக. ஸ்கேன் இல்லாத காலத்தில் உள்ளே பார்க்க வழியில்லை. வெளியே தெரிந்ததை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள். இந்தச் சொற்களை இப்போது அந்தப் பிள்ளையில்லாக் கர்ப்பத்தோடு பொருத்திப் பாருங்கள். அவள் முழுகவில்லை: உண்மை. மாசம் எண்ணுகிறாள்: உண்மை. காலையில் குமட்டல்: உண்மை. வயிறு: உண்மை, ரவிக்கையும் பாவாடை நாடாவும் சாட்சி. பல பேருக்கு மார்பு கனத்துப் பாலும் கசிகிறது. உண்டாகவில்லை என்ற ஒன்றைத் தவிர வீட்டுத் தமிழின் அத்தனை சொல்லும் அவளுக்குப் பொருந்துகிறது. மாமியார் ஏமாந்தார், மதினி ஏமாந்தாள் என்றால் அதற்குக் காரணம் அவள் நடித்தது இல்லை. எந்த அடையாளத்தைப் பார்த்துக் காலங்காலமாக நம்பினோமோ அந்த அடையாளத்தை அவள் உடம்பு காட்டியது.

மசக்கைக்குப் பழைய சொல் வயா. தொல்காப்பியர் உரியியலில் இந்தச் சொல்லை எடுத்து, வேட்கை பெருகி நிற்பது என்று பொருள் சொல்கிறார். சங்க நூல்களில் இது கருவுற்றவளின் ஆசைக்கு வருகிறது. வயவு என்றும் வழங்கும். ஒரே சொல்லுக்குள் மிகுந்த ஆசையும் கர்ப்ப காலத்து உடல்நிலையும் ஒன்றாக இருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வேண்டும் என்ற வேட்கைக்கும் வயிற்றில் நடப்பதற்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவம் 20-ஆம் நூற்றாண்டில் நுணுக்கமாக ஆராய்ந்தது. நம் மொழி அவை இரண்டையும் ஒரு சொல்லில் வெகுகாலம் முன்பே வைத்திருந்தது.

கர்ப்பம் வடமொழி. உள்ளிடம், கருப்பை, கரு என்றெல்லாம் பொருள்படும், கர்ப்பக்கிருகமும் அதுதான். தமிழில் அது கருப்பம் என்றும் ஆயிற்று. கருவறை என்ற நல்ல தமிழ்ச்சொல் கோயிலுக்கும் தாய்க்கும் பொதுவாயிற்று. தமிழின் சொந்தச் சொல் சூல். முதல் கர்ப்பம் கடுஞ்சூல். மாதம் நிறைந்தவள் நிறைசூலி. சூல் மனிதர்க்கு மட்டும் உரியதில்லை. சங்கு சூல் கொள்ளும். கதிர் வெளிவருவதற்கு முன் நெற்பயிர் தண்டு பருத்துச் சூல் கட்டும். கடல்நீரை முகந்த மேகம் சூல் கொண்டு மலையேறும். ஆடு மாடு நாய்க்குச் சினை என்ற சொல் இருக்கிறது. மீன்முட்டையும் சினைதான், மரக்கிளையும் சினைதான், இலக்கணத்தில் உறுப்பும் சினைதான். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைப்பது என்ற எண்ணம் இவற்றையெல்லாம் கோக்கிறது. இவ்வளவு சொல் வளத்துக்கு நடுவில் இந்த நிலைமைக்கு மட்டும் பொய் என்ற சொல்லை முன்னால் ஒட்டினோம்.

பொய் என்றால் நம் காதில் முதலில் விழுவது ஏமாற்று. "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தமிழில் பொய்க்கு இன்னும் பல முகங்கள் உண்டு. பொய்க்கால் குதிரையில் ஆடுகிறவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. அங்கே பொய் என்பது செயற்கை. பேரகராதியைப் புரட்டினால் மரப்பொந்து என்றும் ஒரு பொருள் இருக்கும். யானையின் துதிக்கையைச் சொல்லும் ஓரிடத்தில் சிலப்பதிகாரம் பொய் என்ற சொல்லை உள்துளை என்ற பொருளில் ஆள்கிறது. வெளியே முழு உருவம், உள்ளே இடம்: அதுவும் பொய்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது வினைச்சொல். வானம் பொய்த்தது என்கிறோம். பருவமழை பொய்த்துவிட்டது என்று செய்தித்தாள் எழுதுகிறது. வள்ளுவர் வான்சிறப்பில் மழை வராமல் போவதைப் பொய்த்தல் என்றே குறிக்கிறார். இளங்கோ வைகையைப் பொய்க்காத ஆறு என்று கொண்டாடுகிறார். தேவதானத்துச் சம்சாரி ஐப்பசியில் மலைப்பக்கம் கருமேகம் கூடுவதைப் பார்த்து வயலில் இறங்கியிருப்பார். மேகம் மலையில் தங்கி, அப்படியே கலைந்து போகும். அப்போது அவர் வானம் பொய்த்துவிட்டது என்பார். வானம் திட்டமிட்டு ஏமாற்றியது என்பது அதற்கு அர்த்தமில்லை. மேகம் இருந்தது, கருத்தது, மண்வாசனைகூட வந்தது. வர வேண்டியது வரவில்லை. அந்தச் சொல்லில் வருத்தம் இருக்கும், குற்றச்சாட்டு இருக்காது. பொய் என்ற பெயர்ச்சொல்லுக்கும் பொய்த்தல் என்ற வினைக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தில்தான் ஒரு பெண்ணின் மானம் இருக்கிறது.

மேற்கு நாட்டார் வைத்த பெயர்களும் இதே சிக்கலில்தான் மாட்டின. கி.மு. காலத்துக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் உள்ள நூல்களிலேயே, கர்ப்பம் என்று நம்பிய 12 பெண்களைப் பற்றிய குறிப்பு இருப்பதாக மருத்துவ வரலாறு சொல்லும். இன்று உலகம் முழுவதும் வழங்கும் சூடோசயீசிஸ் என்ற பெயரை 1823-இல் ஜான் மேசன் குட் என்ற ஆங்கில மருத்துவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி உருவாக்கினார். சூடோ என்றால் பொய். சயீசிஸ் என்பது கருவுறுதல்; அதன் வேர்ச்சொல்லுக்குப் பருத்தல், வீங்குதல் என்று பொருள். அப்படியானால் அந்தப் பெயரின் நேர்ப்பொருள் பொய் வீக்கம். இந்த நிலைமையில் பொய்யில்லாத ஒன்று உண்டென்றால் அது வீக்கம்தான்! பிரெஞ்சுக்காரர்கள் நரம்புக் கர்ப்பம் என்றார்கள். ஜெர்மானியரிடம் தோற்றக் கர்ப்பம், கற்பனைக் கர்ப்பம் என்று இரண்டு பெயர். ஆங்கிலத்தில் ஹிஸ்டீரியாக் கர்ப்பம் என்றும் ஒரு பெயர் நெடுநாள் இருந்தது. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த ஹிஸ்டீரியா, பெண்ணின் எல்லா நோயையும் அவள் குணக்கேடாக எழுதிவைத்த சொல். அது ஒழிந்தது நல்லது.

இந்த நிலைமைக்கு உலகறிந்த சாட்சி இங்கிலாந்து ராணி முதலாம் மேரி. 1554 ஜூலையில் ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணந்தபோது அவருக்கு வயது 38. நாட்டுக்கு வாரிசு வேண்டும். தன் மதத்தை நிலைநாட்டவும் வாரிசு வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் ராணி கருவுற்றிருக்கிறார் என்று தேவாலயங்களில் நன்றி வழிபாடு நடந்தது. மாதவிடாய் நின்றிருந்தது, வயிறு பருத்திருந்தது, அரண்மனை மருத்துவர்களும் உறுதி சொன்னார்கள். 1555 ஏப்ரலில் பேறுகாலத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குள் போனார். வெளிநாட்டு மன்னர்களுக்குக் குழந்தை பிறந்த செய்தி சொல்லும் கடிதங்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தன. தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஆண் பெண் எது என்றாலும் நிரப்பிக்கொள்ளும்படி பிள்ளையைக் குறிக்கும் சொல்லையும் பாதியில் விட்டிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் இளவரசன் பிறந்துவிட்டான் என்ற வதந்தியில் லண்டன் மணியடித்துச் சொக்கப்பனை கொளுத்தியது. மே போயிற்று, ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆகஸ்டில் யாரும் எதுவும் அறிவிக்காமல் அரசவை இடம் மாறியது. 1557 கடைசியில் மறுபடியும் அதே நம்பிக்கை, மறுபடியும் அதே முடிவு. 1558 நவம்பர் 17 அன்று அவர் இறந்தார். அந்தக் கடிதங்களில் விட்டிருந்த இடம் கடைசிவரை நிரப்பப்படவில்லை. அரண்மனை மருத்துவர்களே கூடியிருந்து ஒன்பது மாதமும் அதற்கு மேலும் நம்பிய ஒன்றை அந்தப் பெண்ணின் பொய் என்று யார் சொல்ல முடியும்?

நம் நாட்டு ஆயுர்வேத நூல்கள் இதை எப்படிப் பார்த்தன என்பது இன்னும் சுவாரசியம். சரக சம்ஹிதை குன்மம் எனப்படும் வயிற்றுக்கட்டி நோய்களைச் சொல்லும் இடத்தில் பெண்களுக்கு மட்டும் வரும் இரத்த குன்மம் என்று ஒன்றைத் தனியாக வைக்கிறது. தீட்டு நிற்கும், மசக்கை வரும், வயிறு வளரும், பார்ப்பவர் கர்ப்பம் என்றே நினைப்பர். வேறுபாடு அசைவில் இருக்கிறது. சிசு கையும் காலுமாக அசையும். குன்மம் மொத்தக் கட்டியாக அசையும், வலிக்கும். கண்டுபிடித்தாலும் உடனே மருந்து கொடுக்கச் சொல்லவில்லை சரகர். பத்தாம் மாதம் கழிந்த பிறகே சிகிச்சை என்கிறார். ஒருவேளை உள்ளே பிள்ளை இருந்துவிட்டால்? அந்த ஐயத்தின் பலன் முழுவதையும் தாய்க்கே கொடுக்கும் விதி இது. அந்த நூல் சொல்வதில் கட்டி, கழலை முதலிய பலவும் அடங்கியிருக்கலாம். இன்றைய பொய்க்கர்ப்பத்தோடு அப்படியே ஒன்றாகாது. ஆனாலும் பொய் என்ற சொல்லை அது தொடவில்லை.

இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் சொல்வது வேறொரு கதை. வாயுவால் தாக்குண்ட கரு வயிற்றை ஊதச் செய்து, பிறகு தானாகவே வற்றிப்போனால், அதை நைகமேஷன் கொண்டுபோய்விட்டான் என்று மக்கள் சொல்வதாக எழுதுகிறார். மெல்லக் கரைந்து போனால் நாகோதரம் என்கிறார். நைகமேஷன் ஆட்டுத்தலை கொண்ட தெய்வம். கந்தனின் பரிவாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவன். சுவேதாம்பர சமணரின் கதையில், இந்திரன் ஆணைப்படி தேவானந்தையின் வயிற்றிலிருந்த மகாவீரரை எடுத்துத் திரிசலையின் வயிற்றில் வைத்தவனும் இவனே. இந்த நம்பிக்கையை மருத்துவமாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்ப்பேச்சில் அந்தப் பெண்ணுக்கு அது என்ன செய்தது என்று யோசிக்கலாம். "உனக்கு இருந்தது, தெய்வம் எடுத்துக்கொண்டது" என்று சொல்லும் ஊரில் அவள் மறுநாள் தலைநிமிர்ந்து தண்ணீர் எடுக்கப் போக முடியும்.

இனி உடம்புக்குள் நடப்பது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பால் சுரக்க வைப்பது இதுதான். சாதாரண நாளில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் இதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். நீண்ட துக்கமும் பதற்றமும் அந்தக் கட்டைத் தளர்த்தலாம். புரோலாக்டின் ஏறினால் கருமுட்டை வெளிப்படுவது நிற்கும், மாதவிடாய் நிற்கும், மார்பு கனக்கும், பால் கசியும். குடலில் காற்றும் மலச்சிக்கலும் சேர்ந்து, உதரவிதானம் இறங்கி, இடுப்பை முன்தள்ளி நடக்கும் வாகும் கூடினால் வயிறு முன்னே வரும். வயிற்றுத் தசையின் துடிப்பும் குடலின் நகர்வும் பிள்ளை உதைப்பதாகத் தெரியும். மெய்யான கர்ப்பத்தில் கடைசி மாதங்களில் தொப்புள் வெளியே தள்ளும். இதில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பிரசவ மயக்கத்துக்குக் குளோரோஃபார்மைக் கொண்டுவந்த ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றைக் கவனித்தார்: மயக்க மருந்து கொடுத்ததும் அந்த வயிறு தட்டையாகிவிடும், தெளிந்ததும் பழையபடி எழும்பிவிடும். வேண்டுமென்று உப்பவைத்த வயிறாக இருந்தால் இத்தனை மாதம் இரவும் பகலும் தாங்காது. அவளறியாமல் உடம்பு செய்கிற காரியம் அது.

எது இதைத் தொடங்கி வைக்கிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. பல ஆண்டுக் குழந்தையின்மை, அடுத்தடுத்துக் கரு கலைதல், பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தது, மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவது ஆகியவை அடிக்கடி காணப்படும் பின்னணி. சிலருக்கு ஆசைக்குப் பதிலாகக் கர்ப்பம் ஆகிவிடுமோ என்ற பயமே காரணமாகிறது. மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகளும் புரோலாக்டினை ஏற்றிவிடும்; மாத்திரை நாளைத் தள்ளிவைக்க, மனம் மீதியைக் கட்டிக்கொள்ளும். 1937-இல் பிவினும் கிளிங்கரும் அதுவரை பதிவான 444 பேரின் விவரங்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். பெரும்பாலோர் 20-க்கும் 44-க்கும் இடைப்பட்ட வயதினர். அமெரிக்காவில் இன்று 22,000 பிரசவத்துக்கு 1 முதல் 6 வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், 1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவிய அல்ட்ராசவுண்டும் முதல் மாதங்களிலேயே விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவதால் எண்ணிக்கை குறைந்தது. பிள்ளை பெற்றால்தான் பெண் என்ற கட்டாயம் எங்கே அதிகமோ அங்கே இது இன்னும் அதிகம். தேவதானம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கு அந்தக் கட்டாயம் அந்நியமில்லை. மலடி என்ற சொல்லை வசவாகக் கேட்ட காது இங்கே எத்தனையோ.

ராஜபாளையத்தின் பெயரை உலகுக்குச் சொன்ன நாயிடம் இதைப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. எந்த இனமானாலும் பெட்டை நாய்க்கு ஓர் இயல்பு உண்டு. பருவத்துக்கு வந்தபின், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சூலகத்தில் உண்டாகும் ஹார்மோன் சுமார் இரண்டு மாதம் சினை நாய்க்குப் போலவே ஓடும். அது இறங்கும்போது புரோலாக்டின் ஏறும். இணையே சேராத நாய் அப்போது மூலையில் சாக்கைச் சுருட்டிப் படுக்கை போடும், மண்ணைத் தோண்டும், தீனியைத் தவிர்க்கும். காம்பு பருத்துப் பால் இறங்கும். ஒற்றைச் செருப்பையோ பழைய துணிப்பந்தையோ வாயில் கவ்விக்கொண்டு போய் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும். எடுக்கப் போனால் வளர்த்தவரையே பார்த்து உறுமும். கால்நடை மருத்துவர்கள் இதைப் பொய்ச்சினை என்பார்கள். சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். கூட்டமாக வாழும் ஓநாய்களில் ஈனாத பெட்டையும் மற்றதன் குட்டிக்குத் துணையாவதற்கு இந்த இயல்பு பயன்பட்டிருக்கலாம் என்று விலங்கியலார் கருதுகிறார்கள். ஆட்டிலும் பொய்ச்சினை உண்டு. கருப்பையில் நீர் கோத்து, மாதங்கள் கழித்துக் குட்டியில்லாமல் நீர் மட்டும் உடைந்து போகும். நாயின் ஹார்மோன் ஓட்டமும் மனுஷியின் ஓட்டமும் ஒன்றல்ல. நாய்க்கு இது இயல்பு, மனுஷிக்கு அபூர்வம். ஆனால் அந்த நாயை யாரும் பொய்க்காரி என்பதில்லை. "பாவம்" என்று சொல்லிச் செருப்பை அதனிடமே விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் பரிவோடு பெயர் வைக்கத் தெரியாது என்று இல்லை. கரு வளராமல், நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துப்போல் நீர்க்குமிழிகளாகப் பெருகிவிடும் நோய் ஒன்று உண்டு. அதுவும் பிள்ளையில்லாத கர்ப்பம்தான். அதற்குத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று பெயர். குமிழியை முத்தாகப் பார்த்து, இல்லாத பிள்ளையையும் பிள்ளை என்றே சொல்லி அந்தத் தாயைத் தேற்றிய பெயர் இது. நம் மருத்துவச் சொற்களில் இதைவிடக் கனிவானதை நான் பார்த்ததில்லை. ஆபத்தான நோய், உடனே கருப்பையைச் சுத்தம் செய்து, பிறகும் ஹார்மோன் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதில் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்றே காட்டும். பொய்க்கர்ப்பத்தில் காட்டாது. வயிறு இரண்டிலும் வளரும். முத்துப்பிள்ளைக்காரியை யாரும் பழித்ததில்லை, மற்றவளைப் பழித்தார்கள்.

உண்மையாகவே பொய்யான கர்ப்பம் ஒன்று நம் கதைகளில் இருக்கிறது. யாதவப் பிள்ளைகள் கிருஷ்ணனின் மகன் சாம்பனுக்குப் பெண்வேஷம் கட்டி, வயிற்றைப் பெரிதாக்கி, முனிவர்கள் முன் நிறுத்தி, இவளுக்கு என்ன பிள்ளை பிறக்கும் என்று கேட்டார்கள். உலக்கை பிறக்கும், அதனால் குலம் அழியும் என்று சாபம் வந்தது. அது ஏமாற்று. ஆதாயத்துக்காகக் கர்ப்பம் என்று சொல்கிறவரும் அந்த வகை. உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலே கர்ப்பம் என்று உறுதியாக நம்புவது வேறு. அது மனநோயின் பிரமை. உடம்பே கர்ப்ப அடையாளங்களைக் காட்ட, அதைப் பார்த்து நம்புவது மூன்றாவது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை உடற்குறி சார்ந்த கோளாறுகளின் வரிசையில் சேர்த்து, பிரமையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. இந்த மூன்றையும் பொய்க்கர்ப்பம் என்ற ஒரே பெயரில் போட்டுக் கட்டுவதால் மூன்றாமவளுக்கு முதலாமவரின் பழி வந்து சேர்கிறது.

என் தீர்ப்பு இது. பொய் என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், அதை வினையாக்கினால் போதும். பொய்த்த சூல் என்று சொல்லலாம். மழையைச் சொல்வது போலவே சொல்லலாம். "அவளுக்கு இந்தத் தடவை சூல் பொய்த்துவிட்டது" என்றால் தேவதானத்தில் யாருக்கும் அகராதி தேவைப்படாது. மருத்துவர்கள் சீட்டில் எதை எழுதினாலும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது: நாள் தள்ளி, வயிறும் தெரிந்து, சிறுநீர்ப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நாடகம் என்று சொல்லாதீர்கள். ஸ்கேன் பாருங்கள். சினைப்பைக் கட்டி, வயிற்றில் நீர் கோப்பது, வயிற்றுக் காசநோய், தைராய்டு, பிட்யூட்டரிக் கட்டி எல்லாமே இந்த அடையாளங்களில் சிலவற்றைக் காட்டும். இவற்றில் எதையும் தவறவிடக் கூடாது. அவள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஸ்கேன் திரையை அவளும் பார்க்கட்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் நின்று, அவசரமில்லாமல் விளக்கட்டும். பிள்ளை இல்லை என்று தெரிந்த நாள் அவளுக்குத் துக்க நாள். கரு கலைந்தவளுக்குக் கொடுக்கும் ஓய்வையும் ஆறுதலையும் அவளுக்கும் கொடுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.